கிராபிக்ஸ் கார்டுகளின் ஆன்டி-ஏலியாசிங் தரத்தை ஒப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக் கார்டு வாங்கப்போகிறவர்கள் வேகத்தை ஒப்பிட ஆயிரம் வரைபடம் கிடைக்கிறது. படத்தின் தரத்தை, அதிலும் விளிம்புகளின் தரத்தை, எப்படி ஒப்பிடுவது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஆன்டி-ஏலியாசிங் என்ன செய்கிறது?

திரை என்பது சதுரக் கட்டங்கள். சாய்ந்த கோடு ஒன்றைச் சதுரக் கட்டங்களில் வரைந்தால் அது படிக்கட்டாகத்தான் வரும். ஒவ்வொரு பிக்சலின் நடுவிலும் ஒரு புள்ளியை மட்டும் பார்த்து "உள்ளே, வெளியே" என்று கார்டு முடிவு செய்வதால் வரும் வினை இது. ஒரே பிக்சலுக்குள் பல புள்ளிகளைப் பார்த்து, எவ்வளவு பங்கு மூடப்பட்டிருக்கிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்ப இடைப்பட்ட நிறம் கொடுத்தால் பிசிறு மறையும். அந்தப் புள்ளிகளைத்தான் சாம்பிள் என்கிறோம்.

பிசிறு அசையும்போதுதான் கண்ணை உறுத்தும். நின்ற படத்தில் படிக்கட்டாகத் தெரிவது, கேமரா நகர்ந்ததும் விளிம்பில் எறும்பு ஊர்வதுபோல் ஆகிவிடும். மெல்லிய கம்பிகள் தோன்றித் தோன்றி மறையும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

"4எக்ஸ்" என்று போட்டிருந்தால் எல்லாக் கார்டிலும் ஒரே தரம்தானே?

இல்லை. கார்டு ஒப்பீடுகளை அதிகம் கெடுத்த நம்பிக்கை இதுதான்.

4எக்ஸ் என்றால் ஒரு பிக்சலுக்குள் நான்கு இடங்களைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். எந்த நான்கு இடங்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கிட்டத்தட்டப் படுக்கையாகப் போகும் ஒரு கூரையின் விளிம்பை எடுத்துக்கொள்வோம். 20 பிக்சல் தூரத்துக்கு ஒரே ஒரு பிக்சல் உயரம் ஏறுகிறது. ஆன்டி-ஏலியாசிங் இல்லையென்றால் 20 பிக்சலுக்கு ஒருமுறை சட்டென்று ஒரு படி. இப்போது நான்கு சாம்பிள்களையும் இரண்டுக்கு இரண்டு என நேர்ச் சதுரமாக அடுக்குங்கள். கீழ் வரிசையில் இரண்டு, மேல் வரிசையில் இரண்டு. விளிம்பு ஏற ஏறக் கீழே உள்ள இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மூடப்படும். வெகுதூரம் போன பிறகு மேலே உள்ள இரண்டும் மூடப்படும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே உருப்படியாக ஒரே ஒரு சாம்பல் நிறம். நான்கு சாம்பிளுக்கு வேலை வாங்கி, இரண்டுக்கான பலனைத்தான் பார்க்கிறோம்.

அதே சதுரத்தைச் சற்றுத் திருப்பி வையுங்கள். நான்கு சாம்பிளும் நான்கு வெவ்வேறு உயரத்தில் நிற்கும். விளிம்பு ஏறும்போது ஏறக்குறைய ஐந்து பிக்சலுக்கு ஒன்றாக மூடப்படும். ஒரு சாம்பலுக்குப் பதில் மூன்று சாம்பல். கார்டு பார்க்கும் புள்ளிகளின் எண்ணிக்கை அதேதான், ஆனால் கூரை விளிம்பு வழுவழுப்பாகிவிடும்.

2000ஆம் ஆண்டில் இந்த வித்தியாசத்தை எவரும் கண்ணால் பார்க்க முடிந்தது. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ5 5500 திருப்பிய கட்டத்தில் சாம்பிள் எடுத்தது. அதே ஆண்டு வந்த என்விடியாவின் ஜிஃபோர்ஸ்2 நேர்க் கட்டத்தில் எடுத்தது. இரண்டுக்கும் பெட்டியில் 4எக்ஸ்தான். 2002இல் ஏடிஐயின் (பின்னாளில் ஏஎம்டி வாங்கிய நிறுவனம்) ரேடியான் 9700 ப்ரோ சிதறிய அமைப்பில் 6எக்ஸ் வரை மல்டிசாம்பிளிங் கொடுத்தது. காட்சியில் உள்ள பொருள்களை ஆக்கும் முக்கோணங்களின் ஓரத்தில் மட்டும் பல சாம்பிள் பார்க்கும் முறை அது. எதிரே நின்ற ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸின் 4எக்ஸ் இன்னமும் நேர்க் கட்டம்தான். என்விடியா 4எக்ஸைத் திருப்பிய கட்டத்துக்கு மாற்றியது 2004இல், ஜிஃபோர்ஸ் 6800இல்.

திருப்பிய கட்டம் எல்லாச் சாய்வுக்கும் மருந்தல்ல. இன்று வழக்கமாகப் பயன்படும் 4எக்ஸ் அமைப்பில் சாம்பிள்கள் இரண்டிரண்டாக ஒரே கோட்டில் வரும் சாய்வு ஒன்று உண்டு: இரண்டு பிக்சல் நகர்ந்தால் ஒரு பிக்சல் ஏறுவது, அதாவது சுமார் 26.6 பாகை. அந்தச் சாய்வில் அதன் பலன் குறையும். ஆனால் அங்கே ஒவ்வொரு படியும் இரண்டு பிக்சல் நீளம் மட்டுமே என்பதால் கண் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நீளமான படிகள் வருவது படுக்கைக்கும் செங்குத்துக்கும் அருகேதான். கார்டைச் சோதிக்க வேண்டியதும் அங்கேதான்.

சாம்பிள் அமைப்பைத் தவிர வேறு என்ன வித்தியாசம் வந்தது?

காமா, அதாவது பிக்சலுக்குக் கொடுக்கும் எண்ணுக்கும் திரை தரும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பாதி கறுப்பு, பாதி வெள்ளை மூடிய பிக்சலுக்கு 0க்கும் 255க்கும் நடுவே 128 என்று போட்டால் கணக்கு சரிபோலத் தோன்றும். ஆனால் 2.2 காமா உள்ள திரையில் 128 என்ற மதிப்பு முழு வெளிச்சத்தில் 22 சதவீதம்தான் தரும். பாதி வெளிச்சம் வேண்டுமானால் சுமார் 186 போட வேண்டும். இதைக் கவனிக்காத கார்டில் கறுப்புப் பின்னணி முன் நிற்கும் வெள்ளைக் கம்பி மெலிந்து, கயிறு முறுக்கியதுபோல் தெரியும். ரேடியான் 9700 ப்ரோ இந்தத் திருத்தத்தை வன்பொருளிலேயே செய்தது. அந்தக் கார்டின் விளிம்புகள் இன்றும் புகழப்படுவதற்குச் சாம்பிள் அமைப்போடு இதுவும் காரணம்.

8எக்ஸ், 16எக்ஸ் என்று எண் கூடினால் தரமும் கூடுமா?

எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். 2006 நவம்பரில் ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் வந்தபோது 16எக்ஸ் என்ற தேர்வு இருந்தது. அதில் நிறத்தைச் சேமித்து வைக்கும் சாம்பிள் நான்குதான். விளிம்பு எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கும் சாம்பிள் பதினாறு. ஒரே ஒரு விளிம்பு கடக்கும் பிக்சலில் இது அருமையாக வேலை செய்யும். இலைக்கொத்துபோல் பல முக்கோணங்கள் ஒரே பிக்சலில் மோதும் இடத்தில் 4எக்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். உண்மையான எட்டு நிறச் சாம்பிள் வேண்டுமென்றால் 8எக்ஸ்க்யூ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆக 16எக்ஸைவிட 8எக்ஸ்க்யூ மேலாகத் தெரியும் காட்சிகள் இருந்தன. 2010இல் ரேடியான் எச்டி 6900 வரிசையில் ஏஎம்டியும் இதே வழியில் ஒரு தேர்வைக் கொண்டுவந்தது.

பக்கத்துப் பிக்சலிலிருந்து கடன் வாங்கும் வகையும் உண்டு. 2001இல் ஜிஃபோர்ஸ்3 கொண்டுவந்த குவின்கன்க்ஸ், இரண்டு சாம்பிள் சேமித்து ஐந்து சாம்பிளை வடிகட்டியது. 2007இல் ரேடியான் எச்டி 2900 எக்ஸ்டியின் கூடார வடிகட்டிகளும் அக்கம்பக்கத்துப் பிக்சலைத் தொட்டன. விளிம்பு மென்மையாகும், உண்மைதான். கூடவே எழுத்துகளும் டெக்ஸ்சரும் (பொருள்களின் பரப்பில் ஒட்டப்படும் படம்) மங்கிப்போகும். நான் இவற்றை ஒருபோதும் பரிந்துரைத்ததில்லை.

விளிம்பெல்லாம் சுத்தமாக இருக்கிறது, கம்பி வேலியும் மர இலையும் மட்டும் பிசிறடிக்கிறதே?

மல்டிசாம்பிளிங் முக்கோணத்தின் ஓரத்தை மட்டும் பார்க்கும். வேலி பல கேம்களில் ஒரே தட்டையான பலகை. ஓட்டைகள் அதன் டெக்ஸ்சரில் இருக்கின்றன. பலகையின் நான்கு ஓரம் வழுவழுப்பாகும், நடுவிலுள்ள கம்பிகள் அப்படியே நிற்கும். 2005இல் ஜிஃபோர்ஸ் 7800 ஜிடிஎக்ஸ் இதற்காக டிரான்ஸ்பரன்சி ஆன்டி-ஏலியாசிங்கைக் கொண்டுவந்தது. ஏடிஐ அதையே அடாப்டிவ் என்று அழைத்தது. பழைய கேம்களை விளையாடுகிறவர் எந்தக் கார்டை ஒப்பிட்டாலும் இந்தத் தேர்வை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் போட்டு மற்றொன்றில் விட்டுவிட்டால் ஒப்பீடே வீண்.

இன்றைய கார்டுகளில் மல்டிசாம்பிளிங்கை ஒப்பிட்டால் யார் ஜெயிப்பார்?

யாரும் இல்லை. கேம்கள் கார்டோடு பேசப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் இடைமுகமான டைரக்ட்3டியின் 10.1 பதிப்புக் காலத்திலேயே சாம்பிள் இடங்களுக்கு ஒரு பொது அமைப்பு வகுக்கப்பட்டது. டைரக்ட்3டி 11 கார்டுகளுக்கு 4எக்ஸ் கட்டாயம். ஒரே கேமில் ஒரே 4எக்ஸ் போட்டால் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றும் கண்ணால் பிரிக்க முடியாத படத்தையே தரும். வேகத்தை ஒப்பிடுங்கள், போதும்.

பிறகு ஏன் புதுக் கேம்களில் அந்தத் தேர்வே இருப்பதில்லை?

முதல் காரணம் நினைவகம். 3840 × 2160 (4கே) திரையில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு நான்கு பைட் என்றால் ஒரு படப்பரப்புக்கு 33 எம்பி. 4எக்ஸ் போட்டால் 133 எம்பி. இன்றைய கேம்கள் நிறம், திசை, பளபளப்பு, ஆழம் என்று தனித்தனிப் பரப்புகளில் எழுதிவைத்து, பிறகுதான் வெளிச்சக் கணக்கைப் போடுகின்றன. அப்படி நான்கு பரப்பு இருந்தாலே 500 எம்பியைத் தாண்டிவிடும். அத்தனையையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் எழுதிப் படிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். ஈரமான தரையும் பாலிஷ் போட்ட உலோகமும் மினுமினுப்பது முக்கோணத்தின் உள்ளே நடக்கிறது. மல்டிசாம்பிளிங் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 8எக்ஸ் போட்டாலும் அந்த மினுக்கல் போகாது.

எஃப்எக்ஸ்ஏஏ, எஸ்எம்ஏஏ தரம் கார்டுக்குக் கார்டு மாறுமா?

மாறாது. படம் வரைந்து முடிந்த பிறகு அதில் படிக்கட்டுகளைத் தேடிப் பூசிவிடும் சிறு நிரல்கள் இவை. எல்லாக் கார்டிலும் ஓடுவது ஒரே நிரல். இரண்டில் எஸ்எம்ஏஏ கூர்மையைக் காப்பாற்றும். இரண்டும் ஒற்றை ஃபிரேமை மட்டும் பார்த்தால், அசைவில் வரும் மினுக்கலை அடக்க முடியாது.

டிஏஏ என்றால்?

ஒரே ஃபிரேமில் எட்டு சாம்பிள் எடுப்பதற்குப் பதிலாக, ஃபிரேமுக்கு ஒரு சாம்பிள் எடுத்து அதைக் காலத்தில் சேர்த்துவைப்பது. ஒவ்வொரு ஃபிரேமிலும் கேமராவை ஒரு பிக்சலுக்கும் குறைவாக அசைத்து, முந்தைய ஃபிரேம்களின் படத்தோடு கலக்கிறார்கள். புது ஃபிரேமுக்குப் பத்தில் ஒரு பங்கு எடைதான் தருவது வழக்கம், மீதி பழசு. நின்ற காட்சியில் இது அற்புதமாக வேலை செய்யும், மினுக்கலும் அடங்கும்.

நகர்ந்தால்தான் சிக்கல். பழைய பிக்சல் இப்போது எங்கே போயிருக்கும் என்பதைச் சொல்ல அசைவுக் குறிப்பு வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத பொருள், உதாரணமாகத் தீப்பொறி, பின்னால் வால் விட்டுக்கொண்டு போகும். ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து புதிதாக வெளிப்படும் சுவருக்குப் பழைய வரலாறே கிடையாது. அங்கே சில ஃபிரேம்களுக்குப் பிசிறு திரும்ப வரும். பழசை எப்போது நம்புவது, எப்போது தூக்கிப்போடுவது? இன்றைய போட்டி முழுவதும் இந்த ஒரு தீர்மானத்தைச் சுற்றித்தான்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ்: விளிம்புத் தரத்தில் எது மேல்?

முறையே என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தரும் இவை குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கும் முறைகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே பார்த்தால் இவையும் காலத்தில் சாம்பிள் சேர்ப்பவைதான். ஆகவே இவையே இன்றைய ஆன்டி-ஏலியாசிங். விதிவிலக்கு 2021இல் வந்த எஃப்எஸ்ஆர் 1. அது ஒற்றை ஃபிரேமை மட்டும் பெரிதாக்கும். ஏற்கெனவே பிசிறு நீக்கிய படம்தான் அதற்குத் தீனி.

பழசை நம்புவதா வேண்டாமா என்பதை 2020இல் வந்த டிஎல்எஸ்எஸ் 2 பயிற்சி பெற்ற நரம்பு வலையிடம் (நியூரல் நெட்வொர்க்) விட்டது. 2022இல் வந்த எஃப்எஸ்ஆர் 2 கையால் எழுதிய விதிகளை வைத்துத் தீர்மானித்தது. அந்த இடைவெளி திரையில் தெரிந்தது: புதிதாக வெளிப்படும் பரப்பில் எஃப்எஸ்ஆர் 2 பொரிந்ததுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும், புல்லும் முடியும் நடுங்கும். உள்ளீட்டு அளவு குறையக் குறைய அது மோசமாகும். 2025இல் இரண்டு பக்கமும் நகர்ந்தது. ஜனவரியில் என்விடியா டிஎல்எஸ்எஸ் 4க்கு டிரான்ஸ்ஃபார்மர் வகை வலையைக் கொடுத்தது. அந்தப் பகுதி பழைய ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் கிடைக்கிறது. மார்ச்சில் ஆர்எக்ஸ் 9070 வரிசையோடு வந்த எஃப்எஸ்ஆர் 4இல் ஏஎம்டியும் நரம்பு வலைக்கு மாறியது. எஃப்எஸ்ஆர் 3ஐயும் 4ஐயும் அடுத்தடுத்துப் பார்த்தவர் யாரும் இரண்டையும் ஒரே பெயரில் அழைக்க மாட்டார். "எஃப்எஸ்ஆர் மோசம்" என்று பொதுவாகச் சொல்பவரிடம் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

இன்டெலில் கவனிக்க வேண்டியது வேறு. எக்ஸ்இஎஸ்எஸ் ஆர்க் கார்டில் அதற்கென உள்ள மேட்ரிக்ஸ் கணக்கு அலகுகளில் ஓடும். மற்ற நிறுவனக் கார்டுகளில் எளிமையாக்கிய இன்னொரு வலை ஓடும். ரேடியானில் எக்ஸ்இஎஸ்எஸ் போட்டுப் பார்த்துவிட்டு ஆர்க் கார்டின் தரத்தை எடைபோடுவது அநியாயம்.

எனக்கு உண்மையான கோபம் வருவது இங்கேதான்: 4எக்ஸ் காலத்துக் குழப்பம் புதுப் பெயரில் திரும்பி வந்திருக்கிறது. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இரண்டிலும் "குவாலிட்டி" என்றால் ஒவ்வொரு பக்கமும் 1.5 மடங்கு பெரிதாக்கல். 4கே திரைக்கு 2560 × 1440இல் வரைகிறது. 2024இல் வந்த எக்ஸ்இஎஸ்எஸ் 1.3 முதல் அதே "குவாலிட்டி" 1.7 மடங்கு, வரைவது சுமார் 2260 × 1270. மற்ற இரண்டிலும் இதற்குப் பெயர் "பேலன்ஸ்டு". பெயரைப் பார்த்து ஒப்பிட்டால் இன்டெலுக்குக் குறைவான பிக்சல் கொடுத்துவிட்டு, படம் மங்கல் என்று குறை சொல்கிறோம். பெயரை விட்டுவிட்டு, வரையும் அளவைச் சமமாக வையுங்கள்.

விளிம்பின் தரத்தை மட்டும் ஒப்பிட நினைப்பவருக்கு இன்னும் நல்ல வழி, பெரிதாக்கலே இல்லாத தேர்வு: என்விடியாவில் டிஎல்ஏஏ, மற்ற இரண்டிலும் நேட்டிவ் ஏஏ.

இரண்டு ஸ்கிரீன்ஷாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதாதா?

மல்டிசாம்பிளிங் காலத்தில் ஓரளவு போதும். அப்போதும்கூட ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் காட்டியதில்லை. 1999இல் வந்த வூடூ3 கார்டில் 16 பிட் நிறத்தைச் செம்மையாக்கும் வடிகட்டி, படம் மானிட்டருக்குப் போகும் கடைசிப் படியில் இருந்தது. ஸ்கிரீன்ஷாட் அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடும். மானிட்டரில் பார்த்தவருக்கு ஒரு தரம், பத்திரிகையில் படம் பார்த்தவருக்கு வேறு தரம்.

இன்று ஸ்கிரீன்ஷாட் இன்னும் குறைவாகவே சொல்லும். கேமராவை அசைக்காமல் இரண்டு நொடி நின்றால் எல்லா முறையும் அழகாக இருக்கும், ஏனென்றால் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபிரேம் சேர்ந்துவிட்டது. நான் செய்வதைச் சொல்கிறேன். கம்பி வேலிக்கு முன்னால் கதாபாத்திரத்தை நிறுத்தி, கேமராவைத் தொடாமல் பக்கவாட்டில் நடக்கவைத்து, வீடியோவாகப் பதிவு செய்கிறேன். பிறகு ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிப் பார்க்கிறேன். உடம்பு விலகியதும் பின்னால் வெளிப்படும் வேலியின் முதல் ஃபிரேமையே பார்க்க வேண்டும். ஒரு முறையில் கம்பிகள் அறுந்து புள்ளிகளாகக் கிடக்கும். எத்தனை ஃபிரேமில் ஒட்டிக்கொள்கின்றன என்று எண்ணுகிறேன். இன்னொன்றில் கம்பி உடனே வந்துவிடும், ஆனால் தோள்பட்டையின் நிறம் லேசாக அதன்மேல் ஒட்டியிருக்கும். முதலாவது பழசை அவசரமாகத் தூக்கிப்போடுகிறது, இரண்டாவது பழசை விட மறுக்கிறது. எந்தக் குறை உங்களை அதிகம் தொந்தரவு செய்கிறது என்பது உங்கள் கண்ணைப் பொறுத்தது. என்னால் வாலைப் பொறுத்துக்கொள்ள முடியும், பொரிவதைப் பொறுக்க முடியாது.

பதிவில் இரண்டு எச்சரிக்கை. நிறைய அழுத்திய வீடியோவும் ஜேபெக் படமும் நாம் தேடும் மெல்லிய சாயல்களைத்தான் முதலில் அழிக்கும். படத்தை பிஎன்ஜியாகவும் வீடியோவை அதிக பிட்ரேட்டிலும் எடுங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது பிக்சலை அப்படியே சதுரமாகக் காட்டும் தேர்வைப் போடுங்கள். படம் பார்க்கும் மென்பொருள் தானாக வழவழப்பாக்கினால், நாம் பார்ப்பது அதன் வேலையைத்தான்.

ஒன்று மற்றதைவிடக் கூர்மையாகத் தெரிகிறது. அதுதான் தரமா?

முதலில் கூர்மையாக்கும் தேர்வு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். கூர்மையாக்கிய படம் முதல் பார்வைக்கு எப்போதும் ஜெயிக்கும். விளிம்பையொட்டி வெளிர்க் கோடு தெரிந்தால் அது விவரமல்ல, பூச்சு. இரண்டிலும் அதைப் பூஜ்யமாக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

டிரைவர் பேனலில் (கார்டின் அமைப்புகளை மாற்றும் மென்பொருள்) 8எக்ஸ் போட்டும் ஒன்றும் மாறவில்லையே?

டைரக்ட்3டி 9 வரையிலான கேம்களில் அது பெரும்பாலும் வேலை செய்யும். டைரக்ட்3டி 10க்குப் பிறகு வந்தவற்றில் கேமே கேட்டால்தான் மல்டிசாம்பிளிங் நடக்கும்; பேனலில் உள்ள தேர்வு பெரும்பாலும் பேசாமல் கிடக்கும். ஒப்பிடும் முன் பேனலை முழுவதும் "கேம் சொல்வதைக் கேள்" என்ற நிலைக்கு மாற்றிவிடுங்கள். எப்போதோ போட்டுவிட்டு மறந்த எஃப்எக்ஸ்ஏஏ ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு மாலை முழுவதும் எடுத்த படங்களை நான் அழித்திருக்கிறேன். கேமின் பட்டியல் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்ததால்தான் கண்டுபிடித்தேன்.

4கே மானிட்டர் இருந்தால் இதெல்லாம் தேவையா?

தேவை. படிக்கட்டு சிறிதாகும், மினுக்கல் அப்படியே இருக்கும். தூரத்து மின்கம்பி எந்தத் திரையிலும் ஒரு பிக்சலைவிட மெல்லியதாகிவிடும்.

பழைய கேம்களுக்கு எந்தக் கார்டு நல்லது?

கார்டில் சக்தி மிச்சம் இருந்தால், திரையைவிடப் பெரிய அளவில் வரைந்து சுருக்கிக் காட்டுவதுதான் நான் அறிந்த சுத்தமான வழி. விளிம்பு, வேலி, மினுக்கல் மூன்றையும் அது ஒருசேரத் தொடும். என்விடியாவில் இது டிஎஸ்ஆர், ஏஎம்டியில் விஎஸ்ஆர். இரண்டும் 2014இல் வந்தவை. என்விடியா 2022இல் நரம்பு வலை வைத்துச் சுருக்கும் டிஎல்டிஎஸ்ஆரையும் சேர்த்தது. ஆர்டிஎக்ஸ் கார்டில் மட்டும் ஓடும். டிஎஸ்ஆரில் 4.00 மடங்கு என்று தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு பக்கமும் சரியாக இரண்டு மடங்கு, நான்கு பிக்சல் ஒன்றாகும். மென்மையாக்கும் அளவைப் பூஜ்யத்தில் வைக்கலாம். 2.25 போன்ற இடைப்பட்ட அளவுகளில் பிக்சல்கள் சரிசமமாகப் பொருந்தாது, கொஞ்சம் மென்மை விட்டுவைக்க வேண்டும். இரண்டு நிறுவனக் கார்டையும் ஒப்பிடுவதானால் அந்த இரண்டு மடங்கு அளவிலேயே ஒப்பிடுங்கள்.